டத்தோவின் கோல் கம்பம்

கால் ஓடுகிறவரைதான் மரியாதை, பந்தாட்டக்காரன் பிழைப்பே அப்படி. தூத்தூர் ததேயூஸுக்கு முப்பத்து நாலு வயது. கொல்கத்தா, மாலத்தீவு என்று ஊர் ஊராக ஆடி, கடைசியில் மலேசியாவில் 'டத்தோ' என்று அரசுப் பட்டம் வாங்கிய முதலாளி குணரத்தினத்தின் அணியில் மாட்டிக்கொண்டான். இப்போது கோவா அணி ஒன்று கூப்பிட்டது. அன்று மாலையோடு அணி மாறும் கெடு முடிகிறது; அதற்குள் டத்தோ விடுவித்துக் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் ஒரு வருஷம் இங்கே ஓரத்தில் உட்கார வேண்டியதுதான், ஆட்டமில்லை. அப்புறம் எவன் கூப்பிடுவான்?

டத்தோ பத்திரிகைக்காரர்களோடு மைதானத்தில் நின்றார். "தாராளமா போ தம்பி. உனக்குச் சமமா ஒருத்தனை இங்க நிறுத்திட்டுப் போ."

மாலைக்குள் ததேயூஸ் ஆளுக்கு எங்கே போவான்? சுற்றிலும் பார்த்தான்.

"ஆள் ஏற்கெனவே நிக்கான், டத்தோ."

"எங்கே?"

கோல் கம்பத்தைக் காட்டினான். "நேத்து தோத்ததும் இவங்க முன்னாடி என்ன சொன்னீங்க? என்னைவிடக் கம்பம் நல்லா ஆடுது, அதுவாவது ஒரு கோலைத் தடுத்துச்சுன்னு. அந்தப் பேச்சு தப்புன்னா சொல்லுங்க, இங்கயே இருந்துக்கிறேன்."

"இன்னைக்குப் பேப்பர்லயே வந்துச்சே, டத்தோ," என்றார் ஒரு நிருபர். எல்லோரும் சிரித்தார்கள்.

டத்தோ அந்த நிருபரிடமே பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

போகிற போக்கில் ததேயூஸ் கம்பத்தைத் தட்டிக்கொடுத்தான். "பாத்து ஆடு மக்கா. தோத்தா உன்னையும் திட்டுவாரு."