அறுநூறு சுற்று

சின்னதுரை இருபது வருஷம் சைட் சூப்பர்வைசராக இருந்தவர். பெரிய எந்திரங்களுக்கு அஸ்திவாரம் போடுவது தொழில். அடுத்தவர் கணக்குக்குக் கான்கிரீட் ஊற்றியது போதும், இனி அதிர்வுக் கணக்கை நானே போடுவேன் என்று ஐம்பது வயதில் கிளம்பி ரெஜினா டீச்சரிடம் படிக்கச் சேர்ந்தார். டீச்சர் அவரைவிடப் பதினோரு வயது இளையவர். அவர் "டீச்சர்" என்று கூப்பிடுவார், டீச்சர் "அண்ணே" என்பார்.

அவர் சொந்தமாகக் கணக்குப் போட்ட முதல் அஸ்திவாரம் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் எழுந்தது. அதன்மேல் புகையை உறிஞ்சும் ராட்சதக் காற்றாடி. மூன்று நாள் ஓட்டிப் பார்த்தார்கள். மூன்று நாளும் தரை ஆடியது. ஆலை மேனேஜர் வைத்திலிங்கம் அஸ்திவாரத்தை இடிக்க ஆள் சொல்லிவிட்டார். நாலாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்கு வேலை ஆரம்பம்.

சின்னதுரை பஸ் ஸ்டாண்டுக்குப் போய் டீச்சரைப் பைக்கில் ஏற்றிவந்தார்.

"என் கணக்குல எங்க தப்பு டீச்சர்? ஏழு தடவை பாத்துட்டேன்."

"என்ன எழுதியிருக்கீங்க?"

"நிமிஷத்துக்கு அறுநூறு சுத்துல அதிரும். எண்ணூறத் தாண்டுனா அடங்கும். தொள்ளாயிரத்துல ஓடணும்."

"அறுநூறுல அதிர்ந்துச்சா?"

"அதிர்ந்துச்சு."

"எவ்வளவு?"

"எழுதுனதுக்குக் கொஞ்சம் கீழ."

"எண்ணூறுல?"

சின்னதுரை கணக்கு நோட்டைப் புரட்டினார்.

"எண்ணூறுல அண்ணே?"

"அங்க போகல டீச்சர். மெதுவா ஏத்துறேன். அறுநூறு வந்ததும் நின்னு பாக்குறேன், அடங்குதான்னு. அடங்க மாட்டேங்குது. இறக்கிர்றேன்."

கணக்கில் புலி, வேகம் ஏற்றும் குமிழைத் தொட்டால் பூனை. டீச்சர் ஸ்பானரை வாங்கி அஸ்திவாரத்தைச் சுற்றி ஒவ்வொரு போல்ட்டையும் தட்டிப் பார்த்தார். விரிசல் இருக்கிறதா என்று குனிந்து தடவினார். மூன்று நாள் அளவுகளையும் வரி விடாமல் படித்தார். அதற்கே ஒரு மணி நேரம் ஆயிற்று.

வாசலில் கான்கிரீட் உடைக்கும் எந்திரத்தோடு இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

"அம்மா, மணி நாலாகப் போவுது," என்றார் வைத்திலிங்கம்.

டீச்சர் சின்னதுரையைப் பார்த்தார்.

"வர்ற வழியில ரயில்வே கேட் தாண்டுனோமே. பைக் குலுங்குச்சா?"

"நல்லாவே குலுங்குச்சு."

"அடங்கட்டும்னு தண்டவாளத்து மேல நிறுத்துனீங்களா?"

வைத்திலிங்கம் சிரித்துவிட்டார். சின்னதுரை சிரிக்கவில்லை. குமிழ் இருந்த பலகைக்குப் போனார்.

"நீங்க திருகுங்க டீச்சர்."

"கணக்கு உங்களோடது."

சின்னதுரை குமிழைப் பிடித்தார். காற்றாடி கிளம்பியது. முந்நூறு. ஐந்நூறு. ஐந்நூற்றைம்பதில் உள்ளங்காலில் நடுக்கம் ஏறியது. அறுநூற்றில் ஜன்னல் கண்ணாடி எல்லாம் கடகடத்தது. வைத்திலிங்கம் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"நிறுத்துய்யா, போதும்!"

கை தானாகக் குமிழை இறக்கப் பார்த்தது. சின்னதுரைக்கு அப்போது பயம்தான், வேறொன்றுமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நிற்காமல் திருகினார். அறுநூற்றைம்பது. எழுநூறு. எண்ணூறு.

கண்ணாடியின் கடகடப்பு நின்றது. தொள்ளாயிரத்தில் காற்றாடியின் இரைச்சல் மட்டும் கேட்டது. தரை தரையாக இருந்தது. டீச்சர் அளவுகளைப் பார்த்துத் தலையசைத்தார். வைத்திலிங்கம் தூணை விட்டுவிட்டு வாசலைப் பார்த்துக் கையை ஆட்டினார். அந்த இருவரும் கேபிளைச் சுருட்டத் தொடங்கினார்கள்.

சின்னதுரைக்கு அழுகை வந்துவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தாண்டிட்டேன் டீச்சர். இனி அந்த அறுநூறப் பத்திக் கவலையில்ல."

டீச்சர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"நிறுத்தும்போதும் அது வழியாத்தான் வரணும் அண்ணே."