கணப்புக்குப் பக்கத்தில்

"அம்மா, எனக்கு உபதேசம் எப்போது?"

"வீடு சூடாகட்டும், ஐயா."

மலைக்கு வந்த நாளிலிருந்து இதே பதில்தான்.

மருதவாணன் அறுபதைத் தாண்டியவர். அவர் மேடையேறிப் பேசினால் ஊரே திரண்டு வந்து கேட்கும். எல்லாவற்றையும் விட்டுவிட்டு, மகள் வயதுள்ள நீலவேணி அம்மையின் மடத்துக்கு வந்திருந்தார். அம்மை கொடுத்த வேலை ஒன்றுதான்: கூடத்து இரும்புக் கணப்பில் விறகை எரித்து, குளிர் அண்டாமல் பார்த்துக்கொள்வது.

கணப்பு எரிந்ததைவிடப் புகைந்ததுதான் அதிகம்.

"இதற்கா வந்தேன்?"

அம்மை இன்னொரு விறகை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

கார்த்திகை மழையில் ஒரு நாள் காலை மலைப்பாதை சரிந்தது. வழியில் நின்றுபோன பேருந்திலிருந்து ஆட்கள் நனைந்துகொண்டே மடத்துக்கு ஏறி வந்தார்கள். முன்னால் வந்த பெண்ணின் கையில் பச்சைக் குழந்தை. உதடு நீலம் பாய்ந்திருந்தது. அழக்கூட இல்லை.

அம்மை ஈரத் துணியை உருவிவிட்டு, குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்துத் தன் கம்பளியால் இருவரையும் போர்த்தினார்.

மருதவாணன் விறகை அடுக்கித் தீ மூட்டினார். குபுகுபுவென்று புகை கூடத்துக்குள் திரும்பியது. எல்லோரும் இருமினார்கள்.

"அணைச்சிடுங்க சாமி! மூச்சு முட்டுது!"

"அம்மா, நான் என்ன செய்யட்டும்?"

"குழந்தை நடுங்குது, ஐயா."

அவ்வளவுதான் சொன்னார்.

மருதவாணன் தணலை வாரி வெளியே கொட்டினார். கதவைத் திறந்துவைத்தார். மூங்கில் கழியின் நுனியில் சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, கொட்டும் மழையில் கூரைமேல் ஏறினார்.

கால் வழுக்கியது. கூரையோட்டைப் பிடித்துக்கொண்டார். மறுபடி ஏறினார்.

புகைபோக்கிக்குள் கழியை விட்டார். பாதியில் முட்டியது. குத்தினார். அசையவில்லை. இரண்டு கையாலும் ஓங்கிக் குத்தினார். பல காலத்துக் கரி மொத்தமாகப் பெயர்ந்து கீழே விழுந்தது.

இறங்கி வந்தார். கரியை அள்ளி எறிந்தார். காய்ந்த சுள்ளிகளைப் போட்டுப் பற்றவைத்தார்.

இம்முறை புகை திரும்பவில்லை. தீ "ஹோ"வென்று மேலே எழுந்தது. கொஞ்ச நேரத்தில் இரும்பு கனன்றது. ஈரச் சட்டைகளிலிருந்து ஆவி கிளம்பியது. தாயும் பிள்ளையும் கணப்புக்குப் பக்கத்தில் வந்தார்கள்.

எல்லோரும் குழந்தையின் முகத்தையே பார்த்தார்கள்.

நீல உதடு மெல்லச் சிவந்தது. குழந்தை வீறிட்டு அழுதது.

கூடமே கைதட்டியது. தாய் அழுதாள், சிரித்தாள். மருதவாணன் பல்லைத் தவிர மற்றெல்லாம் கறுத்து நின்று, வாய்விட்டுச் சிரித்தார்.

அம்மை எழுந்து வந்து, தன் ஆசனத்தைக் கணப்பருகே இழுத்துப் போட்டார்.

"உட்காருங்கள் ஐயா. உபதேசம் சொல்கிறேன்."

வாசலில் இன்னும் நாலு பேர் நனைந்து நின்றார்கள்.

"கொஞ்சம் தள்ளுங்கம்மா," என்றார் மருதவாணன். "அவங்க உள்ளே வரட்டும்."

அம்மை சிரித்துக்கொண்டே நகர்ந்தார்.