குலவை வாங்கிய ஏரிக் காவலர்

வேங்கை நாட்டில் ஒரு விநோத வழக்கம் இருந்தது. ஏரிக் காவலர் பதவிக்கு ஆசைப்படுகிறவர்கள் கோயில் வாசலில் நின்று பேச வேண்டும். பெண்கள் யாருக்குப் பலமாகக் குலவை போடுகிறார்களோ அவருக்குப் பதவி. மண்வெட்டி பிடிக்கத் தெரியுமா என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்!

போன வருஷம் ஜெயித்தவர் சிங்காரவேளார். அடேயப்பா, என்ன பேச்சு! "கரையைக் கோட்டையாக்குவேன்!" என்றார். குலவைச் சத்தத்தில் கோபுரத்துப் புறாவெல்லாம் பறந்தோடின. அதற்கப்புறம் அவர் கரைப் பக்கம் போனதெல்லாம் மாலை வாங்கிக்கொள்ளத்தான். கரையில் ஓட்டை விழுந்து தண்ணீர் கசிந்தது. "ஏரி ஆனந்தக் கண்ணீர் வடிக்கிறது!" என்று அதற்கும் ஒரு பேச்சு. அதற்கும் குலவை!

மழைக்காலம் நெருங்கியது. இந்த வருஷமும் அவர்தான் என்று உறுதி செய்ய மன்னர் பூபதி முத்திரை மோதிரத்தோடு ஏரிக்கரை ஊருக்குக் கிளம்பிவிட்டார். கூடப் போன மந்திரி அம்பலவாணருக்கு இதில் சம்மதமில்லை. அவர் மகளைக் கட்டிக் கொடுத்த ஊர் ஏரிக்கு நேர் கீழே. எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

"ஜனங்களுக்குப் பிடித்திருக்கிறதே, அய்யா!" என்று மன்னர் அவர் வாயை அடைத்துவிட்டார்.

வழியில் ஆறு. புது வெள்ளம் நுரைத்துக்கொண்டு ஓடியது. மன்னரை எதிர்கொண்டு அழைக்கச் சிங்காரவேளார் முந்தின நாளே குலவை போடும் பெண்கள் கூட்டத்தோடு இக்கரைக்கு வந்திருந்தார்.

"மன்னா, உங்கள் படகை யார் தள்ளுவது? அதையும் நம் வழக்கப்படியே முடிவு செய்வோமே" என்றார் அம்பலவாணர். வேடிக்கை பார்க்கலாம் என்று மன்னரும் தலையாட்டினார்.

ஓடக்காரர் மொக்கையன் முதலில் பேசினார். "நடுவுல சுழி இருக்கு சாமி. மேலாக்கப் போயி சுத்தித்தான் வரணும். நேரமாகும்."

கூட்டம் கொட்டாவி விட்டது.

சிங்காரவேளார் கையை உயர்த்தினார். "மன்னர் ஏறினால் ஆறே அடங்கும்! கண்ணை மூடித் திறப்பதற்குள் அக்கரை!"

குலவை காதைப் பிளந்தது.

"ஜெயித்துவிட்டார்!" என்று அம்பலவாணர் படகுக் கழியைச் சிங்காரவேளார் கையில் திணித்தார். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்தார். படகில் ஒரு கால் வைத்திருந்த மன்னர் துள்ளி இறங்கினார்.

"யோவ், எனக்கு நீச்சல் தெரியாதய்யா! மொக்கையனைக் கூப்பிடும்!"

"குலவை இவருக்குத்தானே, மன்னா?"

"குலவை போட்டால் சுழி பயப்படுமா?"

"பயப்படாது, மன்னா. ஏரித் தண்ணீர் மட்டும் பயந்துவிடுமா?"

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். தன் சால்வையைக் கழற்றி அம்பலவாணருக்குப் போர்த்தினார்.

"ஏரிக்கு வேலை தெரிந்த ஆளை நீரே பாரும். சரி, சிங்காரவேளாரை என்ன செய்வது?"

"கரையை அடைக்க ஊரையே திரட்ட வேண்டும், மன்னா. கூட்டம் சேர்க்க இவரை விட்டால் யார்? ஆனால் முதல் கூடை மண் இவர் தலையில்தான்!"