சிரிப்பு வரைய வராத ஓவியர்

ஒரு ஊர்ல ஒரு ஓவியர் இருந்தாராம், குழலி. எந்த ஊருன்னா, கடல் தாண்டி லண்டன். விக்டோரியா ராணி ஆண்ட காலம். பேரு பெர்சிவல். அவர் வரைஞ்சு குடுப்பாரு, அதைப் பார்த்துத் தறிக்காரங்க கம்பளி நூல்ல செவுரு அளவுக்குப் படமா நெய்வாங்க. ம் சொல்லு.

"ம்."

ஆனா பாரு, அவர் யாரை வரைஞ்சாலும் மூஞ்சி தொங்கிப்போயிடும். கல்யாணப் பொண்ணை வரைஞ்சாக்கூட கண்ணுல தண்ணி நிக்கும்.

அப்போ ஹாரியட்னு ஒரு சீமாட்டி வந்தா. "எங்க சாப்பாட்டுக் கூடத்துல மாட்ட ஒரு விருந்துப் படம் வேணும். எல்லாரும் சிரிக்கணும்"னு சொன்னா. தறியில வேற வேலையே இல்ல. இதுவும் போச்சுன்னா நெய்யுற பொம்பளைங்க மூணு பேரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

முதல்ல ஒண்ணு வரைஞ்சாரு. "இது விருந்தா, எழவு வீடா?"ன்னா சீமாட்டி. அப்புறம் எல்லாரு வாயையும் இழுத்து இழுத்து வரைஞ்சாரு. "அய்யோ, எல்லாருக்கும் பல்வலியா?"ன்னா. அப்புறம், மூஞ்சியே வேண்டாம்னு எல்லாரையும் முதுகு காட்டி உக்கார வச்சாரு. "இவங்களுக்கு என்மேல என்ன கோவம்?"னு வெடுக்குனு எந்திரிச்சுப் போயிட்டா.

பாவம், வேலை போச்சுன்னு சொல்லத் தறிக்கூடத்துக்குப் போனாரு. தரையைப் பார்க்காம நடந்தாரா, கால்ல ஒரு நூல் உருண்டை. சர்ர்ர்... தொபுக்கடீர்! அவுரிச் சாயத் தொட்டிக்குள்ள!

"செத்துட்டாரா அத்தை?"

சேச்சே! பச்சையா எந்திரிச்சாரு. அந்தச் சாயம் அப்படித்தான், தொட்டிக்குள்ள பச்சை, காத்து பட்டா நீலம். எல்லாரும் பார்த்துட்டு இருக்கறப்பவே மூக்கு நீலம், காது நீலம், தாடி நீலம். நெய்யுற மார்த்தா, நெல்லி, பெக்கி மூணு பேரும் தறியை விட்டுட்டு கெக்கெக்கேன்னு சிரிச்சாங்க. மார்த்தாவுக்கு விக்கலே வந்துடுச்சு.

அவருக்குக் கோவம் சுர்ருனு ஏறுச்சு. திட்ட வாயைத் தொறந்தாரு. அப்போதான் அந்த மூஞ்சிங்களைப் பார்த்தாரு. கன்னம் எங்க ஏறுது, கண்ணு எப்படிச் சுருங்குது... "நிறுத்தாதீங்க! சிரிச்சுட்டே இருங்க!"ன்னு கத்திட்டு, சொட்டச் சொட்ட உக்காந்து வரைய ஆரம்பிச்சாரு. சிரிப்பு அடங்குச்சுன்னா எந்திரிச்சு நின்னு ஒரு சுத்து சுத்திக் காட்டுவாரு. மறுபடி கெக்கெக்கே!

தூங்கிட்டியா?

"ம்ம்... இல்ல."

அந்த மூஞ்சிங்களையே விருந்து மேசையில உக்கார வச்சு வரைஞ்சு, சீமாட்டிகிட்ட கொண்டுபோய்க் காட்டினாரு. அவ வாயைப் பொத்திட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சா. "இதையே நெய்யுங்க!"

நெய்து முடிச்சு மாட்டுன அன்னைக்கு, "யாரு இந்தப் பொம்பளைங்க?"ன்னு கேட்டா. பேரெல்லாம் சொன்னாரு. உடனே வண்டி அனுப்பி அவங்களையும் விருந்துக்கு வரவச்சா. வெள்ளித் தட்டைப் பார்த்து மொதல்ல அவங்களுக்குக் கூச்சம். அப்புறம் பெக்கி முள்கரண்டியால ஒரு பட்டாணியைக் குத்தினா. அது விர்ருனு பறந்து சீமாட்டியோட கண்ணாடி கிளாஸ்ல, டிங்! கூடமே சிரிச்சுச்சு. அன்னைக்கு அங்க எது துணி, எது ஆளுன்னே தெரியலையாம்.

அவங்க சாப்பிட்டு எந்திரிக்க நேரமாகும். நீ கண்ணை மூடு, கதையும் படுத்தாச்சு.