பத்து டேங்க்

“இந்த என்ஜினை எப்பங்க அம்மிணி ஏரோப்ளேன்ல மாட்டறது?” என்று சென்னியப்பன் கேட்டார்.

“பத்து டேங்க் ஓட்டின பொறகு,” என்றாள் அமுதவல்லி.

கேட்டவருக்கு வயது அறுபத்தொன்று. முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். சொன்னவளுக்கு முப்பத்தைந்து இருக்கும். கோயம்புத்தூரில், பீளமேட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் லேத் பட்டறை வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சூலூர்ப் பக்கத்துப் பொட்டல் காட்டில் ரிமோட்டில் சின்ன விமானம் பறக்க விடும் கூட்டம் ஒன்று உண்டு. அவர்கள் யாரும் அவளுக்குக் குரு என்று பட்டம் கட்டவில்லை. ஆனாலும் அவள் தொட்டுப் பார்த்துச் சரி என்று சொல்லாமல் ஒரு புது என்ஜினும் மேலே போனதில்லை.

“பத்தா?”

“பத்துங்க. ஒவ்வொரு டேங்க்குக்கும் நடுவுல நல்லா ஆறோணும். கை வெச்சா சில்லுனு இருக்கோணும்.”

புது பெட்ரோல் என்ஜினுக்குள் பிஸ்டனும் சிலிண்டரும் ஒன்றுக்கொன்று அறிமுகம் இல்லாதவை. எடுத்த எடுப்பில் விரட்டினால் உரசிக்கொண்டு இரண்டும் கெடும். அதனால் ஒரு ஸ்டாண்டில் பூட்டி, பெட்ரோலில் ஆயிலைக் கொஞ்சம் தூக்கலாகக் கலந்து, வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஒரு டேங்க் ஓட்டுவார்கள். பிறகு நிறுத்தி ஆற விடுவார்கள். என்ஜினைப் பழக்குவது என்று அதற்குப் பெயர்.

“ரெண்டு நாள்ல முடிஞ்சுருமுங்களா?”

“அது ஆறறதைப் பொறுத்துங்க.”

“என்கிட்ட நாள் இல்லீங்க அம்மிணி.”

அவர் சொன்னார். மனைவி மயிலாத்தாளுக்கு ஈரலில் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஒருநாள் அவர் கூடத்தில் உட்கார்ந்து இறக்கைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தபோது, கட்டிலில் இருந்து அவள் கேட்டாளாம், இது நிஜமாகவே பறக்குமா என்று.

“அதுக்கு முன்னால அவ எதையும் வேணும்னு கேட்டதே இல்லீங்க. அவ கண்ணு மூடறதுக்குள்ள இது பறக்கோணும்.”

அமுதவல்லி கையில் இருந்த ஸ்பேனரைத் துடைத்தாள்.

“இப்ப ஊட்டுல அவங்க கூட யாருங்கண்ணா இருக்கறாங்க?”

“எதிர்வீட்டு சரசு பாத்துக்குது.”

அமுதவல்லி பட்டறைக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் ஸ்டாண்டை நிறுத்திக் கொடுத்தாள்.

முதல் நாள் இரண்டு டேங்க் ஓடியது. ஓடும்போது சென்னியப்பன் நன்றாகத்தான் இருந்தார். நிறுத்தினால்தான் ஆகவில்லை. குட்டி போட்ட பூனை மாதிரி ஸ்டாண்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். நிமிஷத்துக்கு ஒரு தரம் என்ஜினைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார்.

“இது ஆறற வரைக்கும் நான் என்னங்க பண்றது?”

“ஒண்ணும் பண்ணாதீங்க.”

“சும்மா இருக்க முடியலீங்க.”

“தெரியுதுங்கண்ணா,” என்றாள் அவள்.

மறுநாள் அமுதவல்லி ஒரு பம்ப்செட் வேலையைக் கொண்டுபோய்க் கொடுக்க வெளியே போயிருந்தாள். கணக்கு வாத்தியாருக்குக் கணக்கு ஓடியது. போட வேண்டியது பத்து, ஆனது இரண்டு, மிச்சம் எட்டு. அந்த எட்டையும் இன்றைக்கே போட்டுவிட்டால் என்ன என்று தோன்றியது. எண்ணிக்கை சரியாக வந்தால் விடையும் சரியாக வரும் என்று ஒரு வாழ்நாள் முழுக்க நம்பிய மனுஷர் அவர்.

ஒரு டேங்க் ஓட்டி, சூடு இறங்குவதற்குள் அடுத்த டேங்கை ஊற்றினார். அது தீர்ந்ததும் அதற்கடுத்தது. அன்றைய நான்காவதில் கிறீச்சென்று ஒரு சத்தம் வந்தது. புரொப்பெல்லர் நின்றுவிட்டது. கையால் சுற்றிப் பார்த்தார், அசையவில்லை.

அமுதவல்லி திரும்பி வந்தபோது அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். அவள் புறங்கையை என்ஜினுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அனல் அடித்தது. திட்டவில்லை. அது ஆறும்வரை தானும் தரையில் உட்கார்ந்திருந்தாள். பிறகு பட்டறைக்குள் கொண்டுபோய்ப் பிரித்து, பிஸ்டனை அவர் உள்ளங்கையில் வைத்தாள். நகத்தால் பிராண்டியது போல அதன் மேல் நீள நீளமாகக் கோடுகள் விழுந்திருந்தன.

“பத்துன்னு நீங்கதான சொன்னீங்க?”

“ஆற விடோணும்னும் சொன்னனுங்க.”

ஆஸ்பத்திரியில்கூட அழாத சென்னியப்பன், லேத் மிஷினுக்குப் பக்கத்தில் நின்று அழுதார்.

“வெரட்டினா இது போயிருது. பொறுத்தா அவ போயிருவா. நான் என்னதாங்க அம்மிணி பண்றது?”

அமுதவல்லி அலமாரியைத் திறந்து அதே அளவில் வேறொரு பிஸ்டனைத் தேடி எடுத்தாள். சிலிண்டரின் உள்பக்கத்தைத் தேய்த்துச் சரி செய்ய இரண்டு நாள் பிடித்தது. அந்த இரண்டு நாளும் சென்னியப்பன் பட்டறை வாசலிலேயே கிடந்தார். செய்ய ஒரு வேலையும் இல்லை, ஆனாலும் வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அவள் என்ஜினையும் ஸ்டாண்டையும் பெட்ரோல் கேனையும் தன் ஆம்னி வேனில் ஏற்றினாள்.

“எங்கீங்க?”

“உங்க ஊட்டுக்குங்க.”

“அது ஆகாதுங்க. பெருஞ்சத்தம் போடும். அவளுக்கு ரெஸ்ட் வேணும்.”

“அவங்க அப்படிச் சொன்னாங்களா?”

மயிலாத்தாளிடம் சென்னியப்பன் எதையுமே கேட்டிருக்கவில்லை.

அவர் வீட்டுக் காம்பவுண்டு ஓரமாக, புகை தெருப்பக்கம் போகிற மாதிரி அமுதவல்லி ஸ்டாண்டை நிறுத்தினாள். சரசு கட்டிலை ஜன்னலோடு சேர்த்து நகர்த்தி, மயிலாத்தாளின் முதுகுக்குத் தலையணை கொடுத்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போனாள்.

சென்னியப்பன் ஜன்னலைப் பார்த்தார். விடிந்ததும் கிளம்பி இருட்டிய பிறகு திரும்பியவர் அவர். மனைவியைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து நாலைந்து நாளாகியிருந்தது. அவள் முகம் மஞ்சள் பூத்து, பாதியாகச் சுருங்கியிருந்தது. அவருக்கு அந்த இடத்தை விட்டு ஓடிவிட வேண்டும் போல இருந்தது. சட்டென்று திரும்பி புரொப்பெல்லரைத் தட்டிவிட்டார்.

என்ஜின் பிடித்துக்கொண்டது. தெரு நாய்கள் குரைத்தன. மயிலாத்தாள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அது நிற்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டேங்க் தீர்ந்தது, சத்தம் நின்றது.

சென்னியப்பன் பழக்கத்தில் கேனுக்குக் கையை நீட்டினார். அதற்குள் அமுதவல்லி அதைத் தூக்கி வேனுக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டாள்.

“அடுத்த டேங்க்குங்க?”

“நாளைக்கு வர்றனுங்க.”

“ஒரு மணி நேரத்துல ஆறிருமே அம்மிணி. மிச்ச நேரம் நான் என்ன பண்றது?”

அவள் வேனை ஸ்டார்ட் செய்தாள். வேன் தெரு முனையில் திரும்பி மறையும் வரை அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

கையில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. துடைக்க வேண்டிய ஸ்பேனர்கூட இல்லை. ஸ்டாண்டை ஒரு தரம் சுற்றி வந்தார். பிறகு உள்ளே போனார்.

அறையில் இருந்த ஒரே நாற்காலியில் மருந்தும் துணியும் அடைந்து கிடந்தன. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“கெட்டுப் போச்சுங்களா?” என்றாள் மயிலாத்தாள்.

“இல்ல மயிலா. ஆறோணும்.”

“அப்பறமா ஓட்டுவீங்களா?”

“இன்னைக்கு இல்ல. பெட்ரோல் இல்ல.”

“வேற வேலை இருக்குதுங்களா?”

சென்னியப்பன் யோசித்துப் பார்த்தார்.

“ஒண்ணும் இல்ல.”

அவள் பெட்ரோல் வாடை அடித்த அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

“எனக்குப் பயமா இருக்குதுங்க,” என்றாள். “ரெண்டு மாசமா சொல்லோணும்னு பாக்கறேன். நீங்க பக்கத்துல உக்காரவே இல்ல.”