பஸ் ஸ்டாண்டில் நட்ட கொடி

“ஒருத்தர்கூட அழல மேடம்” என்றார் சவரிமுத்து.

வான்மதி டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“ஆறு பேரு விளையாடினாங்க. ஆறு பேரும் அந்தக் காட்சியில கொட்டாவி விட்டாங்க. ஒருத்தர் ஃபோன எடுத்து கிரிக்கெட் ஸ்கோர் பாக்குறாரு. அங்க ஒரு பொண்ணு சாகப் போறா மேடம். இவரு ஸ்கோர் பாக்குறாரு.”

சவரிமுத்துவுக்கு ஐம்பத்து மூன்று வயது. இருபது வருடம் சென்னையில் டிவி சீரியல்களுக்கு வசனம் எழுதியவர். தமிழ்நாட்டில் தான் அழ வைக்காத வீடு குறைவு என்று அவரே சொல்லிக்கொள்வார். அதில் பொய் அதிகமில்லை. சீரியல் வாய்ப்பு குறைந்ததும், கோயம்புத்தூரில் வீடியோ கேம் செய்யும் இந்தச் சின்ன கம்பெனிக்குக் கதை எழுத வந்து சேர்ந்தார்.

வான்மதிக்கு முப்பத்து நாலு. கதைப் பிரிவுக்கு அவள்தான் தலைவி. வேலைக்குச் சேர்ந்த அன்றே சவரிமுத்து அவள் முன்னால் கை கட்டி நின்று, “வயசப் பாக்காதீங்க மேடம். ஒண்ணாங் கிளாஸ் பையனா நெனச்சுச் சொல்லிக் குடுங்க” என்றார்.

“சரிங்க சார்” என்றாள் அவள். அதற்குப் பிறகு அவள் எதையும் சொல்லிக் கொடுத்ததாக அவருக்கு நினைவில்லை.

அவர் எழுதிய விளையாட்டின் பெயர் ‘ஆறேகால் பஸ்’. கதாநாயகன் காலத்தைக் கடந்து முப்பது வருடம் பின்னால் போகிறான். அங்கே பஸ் ஸ்டாண்டில் அவன் தங்கை நிற்கிறாள். அவள் ஏறப் போகும் பஸ்ஸை அன்று வெள்ளம் அடித்துக்கொண்டு போகும். அவன் என்ன சொன்னாலும் அவள் ஏறிவிடுகிறாள். காலப் பயணக் கதைகளுக்கு அப்படி ஒரு வழக்கம் உண்டு. நாயகன் எந்தக் காலத்துக்கு வேண்டுமானாலும் போகலாம், எதற்காகப் போனானோ அது மட்டும் நடக்காது.

பஸ் போன பிறகு அவன் தரைப்பாலத்தில் பொங்கும் தண்ணீரைத் தாண்டி ஓடி, அக்கரையில் இருக்கும் காலக் கதவைப் பிடிக்க வேண்டும். தண்ணீரில் விழுந்தால் செத்தான். செத்தால், கடைசியாகக் கடந்து வந்த சிவப்புக் கொடி எங்கே நடப்பட்டிருக்கிறதோ அங்கே மறுபடி உயிரோடு எழுந்திருப்பான்.

அந்தத் தங்கையின் காட்சியைத்தான் வெட்டிவிடலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். விளையாட்டின் வேகத்தைக் கெடுக்கிறதாம். வெள்ளிக்கிழமை கடைசியாக ஒரு முறை பார்த்துவிட்டு முடிவு.

அலுவலகத்தில் யாருக்கும் தெரியாதது ஒன்று உண்டு. சவரிமுத்துவுக்கு ஜெசிந்தா என்று ஒரு தங்கை இருந்தாள். பதினெட்டு வயதில் ஆறேகால் பஸ்ஸில் ஏறினாள். ஊர், பெயர், முகம் எல்லாவற்றையும் அவர் மாற்றி எழுதிவிட்டார். அவள் கடைசியாகப் பேசியதை மட்டும் மாற்றவில்லை. அந்தக் காட்சி போனால் அந்தப் பேச்சு உலகத்தில் வேறெங்கும் இல்லை.

“எத்தன தடவ விளையாடியிருப்பீங்க சார்?” என்றாள் வான்மதி.

“அந்தக் காட்சியா? நாப்பது, அம்பது தடவ இருக்கும். தினமும் காலையில வந்ததும் ஒரு தடவ பாத்துட்டுத்தான் வேலையத் தொடங்குவேன்.”

“எத்தன தடவ செத்தீங்க?”

“நான் எதுக்கு மேடம் சாகணும்?”

வான்மதி டீயைக் குடித்து முடித்தாள். தம்ளரைக் கழுவ எழுந்து போனாள்.

சவரிமுத்து அந்தக் கேள்வியோடு தன் நாற்காலிக்குத் திரும்பினார். ஒரு மணி நேரம் யோசித்தார். பிறகு புரிந்துவிட்டது என்று நினைத்தார். எழுதுகிறவன் தன் பாத்திரத்தோடு சேர்ந்து சாக வேண்டும், அதைத்தான் மேடம் சொல்கிறார். இதை நோட்டில் எழுதி, அடிக்கோடும் போட்டுக்கொண்டார்.

அன்று மதியமே பாத்திரத்தோடு சேர்ந்து சாகத் தொடங்கினார். தங்கையின் நாலு வரி வசனம் பதினொரு வரி ஆனது. மழை கூடியது. வயலின் வந்தது. பஸ் கிளம்பும்போது அவள் திரும்பிப் பார்ப்பதை மூன்று பக்கமிருந்து காட்டச் சொன்னார். சீரியலில் ஒரு அறை விழுந்தால் மூன்று தரம் விழுமே, அந்தக் கணக்கு.

புதன்கிழமை வேறு ஐந்து பேர் வந்து விளையாடினார்கள். சவரிமுத்து திரையின் ஓரமாக, ஆட்களைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார். எப்போதும் அப்படித்தான் உட்காருவார். திரையில் என்ன நடக்கும் என்பது அவர் எழுதியதுதானே. கண் கலங்குகிறதா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

ஒரு கண்ணும் கலங்கவில்லை. கடைசியாக விளையாடியவர் ஒரு பல் டாக்டர். மரியாதையான பெண்மணி. கையிலிருந்த விளையாட்டுக் கருவியைக் கீழே வைத்துவிட்டு, “தப்பா நினைக்காதீங்க. அந்தப் பொண்ணு எப்பத்தாங்க வாய மூடும்?” என்று கேட்டார்.

சவரிமுத்து அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. நேராக வான்மதியிடம் போனார்.

“நான் ஊருக்குப் போறேன் மேடம். இது எனக்கு வராது.”

“உக்காருங்க சார்.”

“இருபது வருசம் எழுதியிருக்கேன். இப்படி ஒரு வார்த்த கேட்டதில்ல. அந்தப் புள்ளய வாய மூடச் சொல்லிட்டாங்க மேடம்.” அவர் குரல் உடைந்துவிட்டது. அதை மறைக்க அவர் முயலவும் இல்லை.

வான்மதி எழுந்து அவருடைய கம்ப்யூட்டரிடம் போனாள். விளையாட்டைத் திறந்தாள். ஓரத்தில் சின்னதாக ஒரு கட்டம். அதில் ஒரு டிக் குறி.

“இது என்னங்க சார்?”

“சாகாவரம்” என்றார் அவர்.

விளையாட்டு செய்கிற இடங்களில் எல்லாம் இப்படி ஒன்று இருக்கும். செய்கிறவர்களே விழுந்து விழுந்து செத்துக்கொண்டிருந்தால் வேலை ஓடாது. அதனால் தங்களுக்கு மட்டும் சாவு வராதபடி ஒரு கட்டம் வைத்துக்கொள்வார்கள். சவரிமுத்து வேலைக்குச் சேர்ந்த நாளில் யாரோ அதை டிக் செய்து கொடுத்தார்கள். அது இருந்த இடத்திலேயே இருந்தது. தண்ணீருக்குள் அவர் நடந்து போவார், தரையில் நடப்பது போல.

வான்மதி டிக் குறியை எடுத்தாள். கருவியை அவர் கையில் கொடுத்தாள். தன் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அந்தப் பதினோரு வரி?” என்றார் அவர்.

“பழைய நாலு வரியே போட்டிருக்கேங்க.”

அவர் விளையாடினார்.

பஸ் ஸ்டாண்ட். மழைத் தூறல். தங்கை திரும்பினாள்.

“அண்ணா, குடைய நீ வச்சுக்க. நான் பஸ்ஸுக்குள்ளதான இருக்கப் போறேன். நீதான் நடந்து போகணும். அம்மாகிட்ட நான் சாப்பிட்டேன்னு சொல்லிரு.”

பஸ் போனது. சவரிமுத்து அது மறையும் வரை பார்த்தார், தினமும் காலையில் பார்ப்பது போலவே. நாயகன் ஓடினான். தரைப்பாலத்தில் மூன்றாவது எட்டில் தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

திரை இருண்டது. வெளிச்சம் வந்தபோது பஸ் ஸ்டாண்ட். தங்கை திரும்பினாள்.

“அண்ணா, குடைய நீ வச்சுக்க...”

இந்த முறை ஐந்தாவது எட்டில் போனான்.

“அண்ணா, குடைய நீ வச்சுக்க...”

ஒரு மரக்கட்டை மிதந்து வருவதை அவர் கவனிக்கவில்லை.

“அண்ணா, குடைய நீ வச்சுக்க...”

மரக்கட்டையைத் தாண்டினார். அடுத்து ஒரு சுழி. இவ்வளவு கஷ்டமாகவா வைத்திருக்கிறார்கள் என்று அவருக்கு ஆத்திரம் வந்தது. நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். சுழிக்கு இடது பக்கமாகப் போயிருக்க வேண்டும், இப்போது தெரிந்துவிட்டது, இந்தத் தடவை விடக் கூடாது.

“அண்ணா, குடை...”

பேச்சு நின்றது. பஸ் புறப்பட்டுவிட்டது. நாயகன் பாலத்தின் முன்னால் நின்றான்.

சவரிமுத்து நகரவில்லை. தன் கட்டைவிரலைப் பார்த்தார். பேச்சைத் தாண்டிப் போகும் பட்டன் மேல் அது இருந்தது.

திரையில் மழை பெய்துகொண்டிருந்தது. அவர் அழுதார். சத்தமில்லாமல், முகத்தைத் துடைக்காமல் அழுதார்.

“ஜெசிந்தா” என்றார் பிறகு. “அவ பேரு ஜெசிந்தா மேடம். என் தங்கச்சி. வாய மூடுன்னு நானும் சொல்லிட்டேன்.”

வான்மதி தலையசைத்தாள். சற்றுப் பொறுத்துக் கேட்டாள்.

“செத்தா எங்கீங்க சார் எந்திரிக்கிறீங்க?”

“பஸ் ஸ்டாண்டுல.”

“கொடிய அங்க நட்டது யாருங்க?”

“நான்தான் கேட்டு வாங்கினேன். புரோகிராம் பண்றவங்க பாலத்துகிட்ட வைக்கிறேன்னாங்க. நான்தான் ஒத்துக்கல.”

“ஏனுங்க?”

“விழுந்தாலும் எந்திரிச்சா அவ இருப்பாள்ல” என்றார் சவரிமுத்து. “எத்தன தடவ விழுந்தாலும் இருப்பாள்ல. அதுக்குத்தான் மேடம்.”

வான்மதி விளையாட்டின் வரைபடத்தைத் திரையில் விரித்தாள். பஸ் ஸ்டாண்டில் அந்தச் சிவப்புக் கொடி. அங்கிருந்து ஒரு ரோடு. ரோட்டின் முடிவில் பாலம். மவுசை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

“பாலத்துகிட்ட வச்சா அவ போயிருப்பா” என்றார் அவர்.

“ஆமாங்க.”

“அப்புறம் எப்படிப் போனாலும் பாக்க முடியாது.”

“ஆமாங்க சார்.”

“காலத்துல பின்னால போற கதை மேடம் இது. எங்க வேணாலும் போலாம்னு சொல்லித்தான விக்கிறோம்.”

அவள் எழுந்து தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

சாப்பாட்டு நேரம் முடிந்தது. எல்லாரும் திரும்பி வந்து அவரவர் வேலையில் உட்கார்ந்தார்கள். சவரிமுத்து மவுசைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு முறை கொடியைப் பிடித்துக் கொஞ்ச தூரம் இழுத்தார். பிறகு பழைய இடத்திலேயே விட்டார். நாலு மணிக்கு டீ வந்தது, ஆறிப் போனது.

ஐந்து மணி வாக்கில் அவர் கொடியை எடுத்துப் பாலத்தின் முன்னால் நட்டார். வயலினையும் எடுத்துவிட்டார். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை மதியம் முதலாளி வந்து சுவரோரம் நின்றார். விளையாட வந்தவர் பெயர் தண்டபாணி. நாற்பது வயது. பம்ப் செட் கம்பெனியில் லேத் ஓட்டுகிறவர், வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் வீடியோ கேம்தான். இந்த விளையாட்டை அவர் பார்த்ததில்லை. வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

வான்மதி ஜன்னல் பக்கம் நின்றாள். சவரிமுத்து இந்த முறை நாற்காலியைத் திருப்பிப் போட்டு, தண்டபாணியின் பக்கத்தில், திரையைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

தங்கை பேசினாள். நாலு வரி. தண்டபாணி தலையைச் சொறிந்துகொண்டே கேட்டார். பாதி கேட்டாரோ என்னவோ, பஸ்ஸின் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் போய்விட்டது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

தண்டபாணி தண்ணீரில் விழுந்தார். பாலத்தின் முன்னால் எழுந்தார். மறுபடி விழுந்தார். மறுபடி எழுந்தார்.

“அந்தப் புள்ள எங்கீங்க?” என்றார்.



மூன்றாவது முறை அவர் பாலத்தை நோக்கி ஓடவில்லை. நாயகனைத் திருப்பினார். வந்த ரோட்டிலேயே நடத்தினார். மழையில் அது நீளமான ரோடு, வழியில் ஒன்றுமே கிடையாது. சுற்றிப் பார்ப்பதற்கு எதுவும் இல்லாததால் எல்லாரும் அந்த நடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பஸ் ஸ்டாண்ட் வந்தது. பெஞ்ச் காலி. தண்டபாணி பெஞ்சைச் சுற்றி வந்தார். டிக்கெட் கவுண்டர் பின்னால் போய்ப் பார்த்தார். அவள் நின்ற இடத்தில் கொண்டுபோய் நாயகனை நிறுத்தினார். ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பார்த்தார்.

அவர் இப்போது சாய்ந்து உட்கார்ந்திருக்கவில்லை.

“இது இருக்கட்டும்ங்க” என்று முதலாளி வான்மதியிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

தண்டபாணிக்கு அது காதில் விழவில்லை. மறுபடி முதல் பட்டனிலிருந்து அழுத்திப் பார்த்தார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் திரும்பினார்.

“ஏனுங்க, அவ என்னமோ சொன்னா. நான் சரியாக் கேக்கல. திரும்ப அவகிட்டப் போறதுக்கு எந்த பட்டனுங்க?”

சவரிமுத்து திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“முப்பது வருசமாத் தேடிப் பாத்துட்டேன் தம்பி” என்றார். “அப்படி ஒரு பட்டன் இல்ல.”