சில்லுமேட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமைகள்

பனங்காடு முடிந்து வெறும் செம்மண் தொடங்குகிற இடத்தில் ஒரு மேடு இருந்தது. மேடு முழுக்கப் பழைய பானை ஓடுகள் சில்லு சில்லாகக் கிடந்ததால் ஊரார் அதைச் சில்லுமேடு என்றார்கள்.

மேட்டின் வயிற்றுக்குள் ஒரு தாழி இருந்தது. தாழிக்குள் ஒரு சின்னப் பிள்ளை முழங்காலை மடக்கித் தூங்கிக்கொண்டிருந்தது. எந்தக் காலத்திலோ ஒரு தாய் அதை அங்கே கொண்டுவந்து வைத்து மூடினாள். "பாத்துக்கோ" என்று மேட்டிடம் ஒரு வார்த்தை சொன்னாள். திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

அன்றிலிருந்து மேட்டுக்கு வேறு வேலை இல்லை. நரி தோண்டாமல், பனை வேர் உள்ளே நுழையாமல், மழைத்தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொண்டது. சில்லுகளும் அதற்கு ஒத்தாசையாக, மண்ணை அரிக்க விடாமல் போர்வை மாதிரி மேலே கிடந்தன. ஊர்ப் பிள்ளைகள் பாண்டி ஆட ஒன்றிரண்டு சில்லை எடுப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் அங்கேயே எறிந்துவிட்டு ஓடுவார்கள். அதில் மேட்டுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

வருத்தமெல்லாம் ஞாயிற்றுக்கிழமையால் வந்தது.

ஞாயிறு காலையில் டவுனிலிருந்து ஒரு வேன் வந்து நிற்கும். தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக ஒரு கூட்டம் இறங்கும். அதற்கு மரபு நடை என்று பெயர். பழைய இடங்களை நடந்து நடந்தே பார்ப்பார்களாம். தளவாய் சார் என்று ஒரு வாத்தியார் முன்னால் நடப்பார். பழசு என்றால் அவருக்கு உயிர்.

மேட்டில் ஏறிப்போகிற ஒற்றையடிப் பாதைக்கு அவர்களைக் கண்டால் தலைகால் புரியாது.

"எக்கா, வாராவ! நம்மளத் தேடி வாராவ! ஆடும் ஆட்டுக்காரியும் மட்டும் நடந்த என் மேல இன்னைக்கு ஷூக்கால் நடக்குது பாத்தியா?"

"நடக்கட்டும்ல. பாத்துட்டு வெறுங்கையோட போகச் சொல்லு" என்றது மேடு.

தளவாய் சார் மேட்டின் உச்சியில் நின்று கையை விரித்தார். "நீங்க நிக்கிற இடம் சாதாரண இடம் இல்ல. நம்ம முன்னோர் வாழ்ந்த மண்ணு. கீழ பாருங்க, ஒவ்வொரு ஓடும் ஒரு கதை சொல்லும்."

எல்லாரும் குனிந்தார்கள்.

ஹேமாவதி என்று ஒரு பெண், வங்கியில் வேலை பார்க்கிறவள், கறுப்பும் சிவப்புமான ஒரு சில்லை எடுத்து முந்தானையில் துடைத்தாள். "சார், இத நான் வச்சுக்கிடட்டுமா? ஒண்ணே ஒண்ணுதான்."

தளவாய் சார் தலையைச் சொறிந்தார். "எடுக்கக் கூடாதும்மா. சரி, ஆசையா கேக்குறீங்க. சின்னதா ஒண்ணு எடுத்துக்கோங்க."

அவ்வளவுதான். ஆளாளுக்குச் சின்னதாக ஒன்று எடுத்தார்கள்.

"ஏ, வை கீழ!" என்று மேடு கத்தியது. மேடு கத்துவது மனிதர் காதில் விழுமா? காற்றடிக்கிறது என்று தொப்பியைப் பிடித்துக்கொண்டார்கள்.

சில்லுகளாவது அடங்கிக் கிடந்தனவா என்றால் அதுவும் இல்லை. கழுத்தில் கீறல் போட்ட ஒரு சில்லு, வெயிலில் மினுக்கிக்கொண்டு, "என்னைப் பாருங்க, என்னைப் பாருங்க, எனக்குக் கோடு இருக்கு" என்று பல்லைக் காட்டியது.

"மூடிட்டுக் கெட" என்றது மேடு. "உன்னை எதுக்கு மேல போட்டிருக்கு?"

"எத்தனை காலம் வெயில்லயே காயுறது? டவுனுக்குப் போனா கண்ணாடி அலமாரியில வைப்பாங்களாம். லைட்டெல்லாம் உண்டாம்."

"லைட்டு எரிஞ்சா உனக்கு என்ன தெரியப்போவுது? கண்ணா இருக்கு உனக்கு?"

கீறல் சில்லு அன்றைக்கே ஒரு கைப்பையில் ஏறிப் போய்விட்டது. போகும்போது ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவும் இல்லை.

பாதைதான் சமாதானம் சொன்னது. "பிரியத்துல எடுக்காவ எக்கா. களவா அது?"

"பிரியமா இருந்தா பிள்ளைக் கன்னத்தக் கிள்ளிட்டுப் போவாங்க. கன்னத்தையே கையோட கொண்டுபோனா அதுக்குப் பேரு என்னல?"

அடுத்த ஞாயிறும் வேன் வந்தது. அதற்கடுத்த ஞாயிறு இரண்டு வேன் வந்தது. பாதை அகலமாகிக்கொண்டே போனது. மேட்டின் தோல் மெலிந்துகொண்டே போனது. மழை பெய்தால் முன்னைப் போல் வழிந்து ஓடாமல் அங்கங்கே உள்ளே இறங்கியது. ஒருநாள் தாழிக்குள் ஈரம் பட்டுப் பிள்ளை புரண்டு படுத்தது. மேடு பதறிப்போய், இருந்த மண்ணையெல்லாம் அந்தப் பக்கம் சரித்து மூடி, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, தூங்கு" என்று தட்டிக்கொடுத்தது.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் ஜேசிபி வந்தது. மஞ்சள் நிறம், பெரிய கை, கையின் நுனியில் பற்கள்.

"யாருய்யா நீ? உனக்கும் சில்லு வேணுமா? எடுத்துக்கோ, எல்லாரும் எடுத்தாச்சு, நீ மட்டும் ஏன் பாக்கி?" என்று மேடு எரிந்து விழுந்தது.

"சில்லு எனக்கு எதுக்கும்மா?" என்றது ஜேசிபி. அலுத்துப்போன குரல். "செங்கல் சூளைக்கு மண்ணு வேணுமாம். உன்ன முழுசா அள்ளச் சொல்லியிருக்கு. நாளைக்கு லாரி வருது. ஆனா இன்னைக்கு ஒரு அதிகாரி வந்து பாப்பாரு. பழைய காலத்துச் சாமான் கெடக்குற இடம்னு அவரு சொல்லிட்டா நான் தொட மாட்டேன். வந்த வழியே போயிடுவேன்."

மேட்டுக்கு உயிர் வந்தது. "சாமானா? என் மேல கால் வச்சாலே சில்லு குத்துமே! வரட்டும் உன் அதிகாரி!"

சொல்லிவிட்டுத் தன்னைத் தானே பார்த்துக்கொண்டது. கோழி பொறுக்கித் தீர்த்த களம் மாதிரி வழித்துத் துடைத்துக் கிடந்தது உடம்பு.

அதிகாரி வந்தார். ஏறினார், இறங்கினார். ஒரு சோடா மூடியைக் காலால் புரட்டிப் பார்த்தார். "மேல ஒண்ணையும் காணோமே" என்றார்.

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மாடத்திக்குப் பொறுக்கவில்லை. "என்ன சார் இப்படிச் சொல்லுதிய? இதுக்குப் பேரே சில்லுமேடு. செருப்பில்லாம நடந்தா ரத்தம் வரும்."

"இப்ப நான் செருப்பக் கழட்டி நடந்தா ரத்தம் வருமாம்மா?"

மாடத்தி கீழே பார்த்தாள். "வராதுதான்" என்றாள்.

"பேர வச்சு நான் எழுத முடியாதும்மா."

மாடத்திக்கு ஆத்திரம். வேன்காரரின் நம்பர் அவளிடம் இருந்தது. போன் போட்டு, "உங்க வாத்தியார உடனே வரச் சொல்லும். மேல ஒரு சில்லும் இல்லன்னு சொல்லி மேட்ட அள்ளப் போறாவ" என்றாள்.

அதிகாரி கிளம்புவதற்குள் தளவாய் சார் பதறி அடித்துக்கொண்டு வந்தார். கூட ஹேமாவதியும் மற்றவர்களும் வந்தார்கள். ஆளுக்கொரு பையோடு மூச்சு வாங்க ஏறி, பையைக் கவிழ்த்தார்கள். கலகலவென்று சில்லுகள் கொட்டின.

"பாருங்க சார்! எல்லாம் இங்க கெடந்ததுதான்!"

"எந்த இடத்துல?" என்றார் அதிகாரி.

"இந்தா, இங்க" என்றாள் ஹேமாவதி.

"இல்லம்மா, அது அந்தச் சரிவுல எடுத்தது" என்றார் இன்னொருவர்.

"சரிவுல எடுத்தது என்னோடது சார். உங்களோடது போன மாசம் ஆத்தங்கரையில எடுத்தது" என்று மூன்றாவது ஆள் குறுக்கே விழுந்தார்.

"நான் ஆத்தங்கரைக்கே வரலையே!"

மேடு தன் சில்லுகளைப் பார்த்து, "நீங்களாவது சொல்லுங்களேன், எங்க கெடந்தீங்கன்னு!" என்று கெஞ்சியது.

ஒரு சில்லு முழித்தது. "எல்லாரையும் ஒரே டப்பாவுல போட்டு வச்சிருந்தாங்க. எனக்கு இப்ப எந்த ஊருன்னே ஞாபகம் இல்ல."

"நான் இந்த ஊரே இல்ல. மன்னிச்சுக்கோ" என்றது இன்னொன்று.

கீறல் சில்லு மட்டும், அலமாரியில் இருந்த பவிசு போகாமல், "என் மேல வார்னிஷ் அடிச்சிருக்காங்க, பாத்தியா?" என்றது.

மேட்டுக்கு அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா என்று அதற்கே தெரியவில்லை.

அதிகாரி கையைத் தட்டிக்கொண்டார். "வீட்ல இருந்து கொண்டுவந்து கொட்டுனத நான் எப்படிச் சாட்சியா எடுக்க? நாளைக்கு எவனும் எங்கயும் கொட்டுவானே. எடுக்காம விட்டிருந்தா நான் பாத்ததும் எழுதியிருப்பேன்."

தளவாய் சாருக்கு முகம் செத்துப்போனது. "தப்புதான் சார். ஒரு தடவ தோண்டியாவது பாருங்க. உள்ள கண்டிப்பா இருக்கும்."

"ஒரே ஒரு குழி. அதுல ஒண்ணும் இல்லன்னா நாளைக்கு லாரி வரும்" என்றார் அதிகாரி.

ஜேசிபி கையைத் தூக்கியது. தூக்கிய கையோடு குனிந்து, மேட்டுக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டது. "எந்தப் பக்கம் போடட்டும்மா?"

மேடு கிழக்கும் மேற்கும் பார்த்தது.

மேற்கே தாழி. கிழக்கே வெறும் மண். அங்கே போடு என்றால் பிள்ளை இன்றைக்குத் தப்பும். நாளைக்கு மண்ணோடு மண்ணாக லாரியில் ஏறும். அள்ளுகிறவனுக்கும் தெரியாது, மிதிக்கிறவனுக்கும் தெரியாது. செங்கல்லுக்குள் வெந்துபோகும்.

"ஏ பாதை" என்றது மேடு. "இவ்வளவு நாள் இவங்களக் கூட்டிட்டு வந்தியே. இப்ப என்னல சொல்லுத?"

பாதை பழையபடி ஒற்றையடியாக ஒடுங்கப் பார்த்தது.

"மேல கெடந்தது அப்படியே கெடந்திருந்தா உள்ள இருக்கிறத நான் ஏன்யா காட்டணும்?" என்று மேடு எல்லாரையும் பார்த்துக் கத்தியது. காற்றடித்தது. கூட்டம் தொப்பியைப் பிடித்துக்கொண்டது.

பிறகு மேடு ஜேசிபியிடம் திரும்பியது. "உச்சிக்குக் கொஞ்சம் மேற்கால போடு. மெதுவா."

"என் கைக்கு மெதுவான்னா என்னன்னு தெரியாதும்மா" என்றது ஜேசிபி. உண்மையிலேயே வருத்தப்பட்டுத்தான் சொன்னது.

பற்கள் இறங்கின. இரண்டாவது முறை இறங்கும்போது உள்ளே ஒரு சத்தம், பெரிய பானை உடைகிற சத்தம்.

"நிறுத்து! நிறுத்து!" என்று அதிகாரி குழியை நோக்கி ஓடினார். தாழியின் வாய் பிளந்து கிடந்தது. அவர் எட்டிப் பார்த்தார். "வண்டிய எடு! இங்க ஒரு கூடை மண்ணையும் எவனும் தொடக் கூடாது!"

"எக்கா, பொழச்சோம்!" என்று பாதை கூவியது. தளவாய் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாரையும் கட்டிப்பிடித்தார். மாடத்தி மட்டும் உள்ளே கிடந்ததைப் பார்த்துவிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மற்றவர்கள் போனை எடுத்துக்கொண்டு குழியைச் சுற்றிக் குனிந்தார்கள்.

அத்தனை காலம் இருட்டில் கிடந்த பிள்ளையின் மேல் வெளிச்சம் விழுந்தது. அது மெல்ல அசைந்தது. மேலே குனிந்திருந்த முகங்கள் மங்கலாகத் தெரிந்தன.

"அம்மை வந்துட்டாளா?" என்று அது மேட்டிடம் கேட்டது.

அதுவரை எல்லாரையும் ஏசிக்கொண்டிருந்த மேட்டுக்கு ஒரு வார்த்தை வரவில்லை.